டவுன் பஸ்ஸுல ஏறுங்க, மலையடியில இறங்கலாம்

“கார் இல்லாம எப்படி மலைக்குப் போறீங்க?”

இதக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளிச்சுப் போச்சு. போன வாரம் ஒரு கல்யாண வீட்டுலயும் இதே கேள்வி. கேட்டது வெளியூர்க்காரங்கன்னா பரவாயில்ல. மதுரையிலயே பொறந்து வளந்த ஆளு!

மொட்டை மாடியில ஏறி நின்னு பாருங்க. ஒருபக்கம் யானைமலை. இன்னொரு பக்கம் திருப்பரங்குன்றம். மேக்க நாகமலையும் சமணர் மலையும். வடக்க அழகர்மலை. சுத்தி மலைய வச்சுக்கிட்டு, லீவு விட்டா கொடைக்கானலு, மூணாறு, அதுக்கு ஒரு வேனு, வேனுக்குள்ள நாலு பேருக்கு வாந்தி. எனக்கு நெசமாவே வருத்தமா இருக்கு. கையில பத்து இருபது ரூவாயும் ஒரு தண்ணி பாட்டிலும் இருந்தாப் போதும், காலையில போயிட்டு மத்தியானச் சோத்துக்கு வீட்டுக்கு வந்துடலாம்.

(பொம்பளைங்களுக்கு அந்தப் பத்து ரூவாயும் தேவையில்ல. அதுக்கு அப்புறம் வர்றேன்.)

மொதல்ல ஒண்ணு சொல்லணும். இந்த மலைங்க பஸ்ஸுக்கு எட்டுற தூரத்துல இருக்குறது ஏதோ நம்ம அதிர்ஷ்டம்னு நெனைக்காதீங்க. அதுக்கு ஒரு காரணம் இருக்கு.

ரெண்டாயிரம் வருசத்துக்கு முன்னாடி இங்க சமணத் துறவிங்க இருந்தாங்க. அவங்க ஊருக்குள்ள குடியிருக்கக் கூடாது. ஆனா சாப்பாட்டுக்கு ஊரைத்தான் நம்பணும், ஏன்னா சமைக்க மாட்டாங்க. அப்போ என்ன பண்ணுவாங்க? ஊருக்கு வெளிய, அதே சமயம் நடந்து போயி பிச்சை வாங்கிட்டு வர்ற தூரத்துல இருக்குற மலையாப் பாத்துத் தங்கினாங்க. மழைக்காலத்துல ஊர் ஊராப் போகக் கூடாதுன்னு வேற அவங்களுக்கு விதி. அந்த மாசங்கள்ல குகையில தங்குறதுக்குத்தான் பாறையிலயே படுக்கை வெட்டிக் குடுத்திருக்காங்க, தலைமாட்டுல மேடு வச்சு. வெட்டிக் குடுத்தது யாரு? அந்த வழியா வண்டி ஓட்டிட்டுப் போன வணிகருங்க, ஊர்க்காரங்க, அரசாங்கத்து ஆளுங்க.

அதாவது மனுசங்க நடமாடுற பாதைக்குப் பக்கத்துல இருந்த மலைங்கதான் இதெல்லாம். மேலூர் ரோடு, தேனி ரோடு, அழகர்கோயில் ரோடுன்னு இன்னைக்கு நம்ம பஸ்ஸு போற திசையிலதான் அந்தப் படுக்கைங்க இருக்கு. மதுரையச் சுத்தி இருந்த சமண மலைகளுக்கு ‘எண்பெருங்குன்றம்’னு ஒரு பழைய பேரே உண்டு. ஊர்க்காரங்க கிட்ட அப்படிக் கேட்டா முழிப்பாங்க. ‘பஞ்சபாண்டவர் படுக்கை’ எங்கன்னு கேளுங்க, கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போவாங்க.

சரி, மொத மொதலாப் போறவங்க எங்க போகணும்?

கண்ண மூடிக்கிட்டுச் சொல்லுவேன், கீழக்குயில்குடி சமணர் மலை.

பெரியார் பஸ் ஸ்டாண்டுல இருந்து ஊருக்கே டவுன் பஸ் உண்டு. அது கெடைக்கலையா, தேனி ரோட்டுல போற எந்த டவுன் பஸ்ஸுலயும் ஏறி நாகமலை புதுக்கோட்டையில இறங்கி நடங்க. நான் பாதி நேரம் அப்படித்தான் போறது, பஸ் இருந்தாலும்கூட. மலை மொதல்ல தூரத்துல தெரியும், அப்புறம் வளைவுல மறையும், திடீர்னு கண்ணு முன்னால வந்து நிக்கும். நேரா அடிவாரத்துல போய் இறங்குனா அந்த சந்தோசம் கெடைக்காது.

அடிவாரத்துல ஆலமரம். சும்மா ஒரு ஆலமரம் இல்ல, விழுது விட்டு விட்டு எது மரம் எது விழுதுன்னே தெரியாத மரங்க. பக்கத்துல தாமரைக்குளம், அய்யனார் கோயில். இங்கயே செத்த நேரம் உக்காந்துட்டுத் திரும்பிப் போனாலும் குத்தமில்ல. எங்க மதினி ஒவ்வொரு தடவையும் அந்த மரத்தடியோட நின்னுக்குவாங்க. “நீ போயிட்டு வாத்தா, நான் இங்கனயே இருக்கேன்.” அவங்களுக்கு முட்டி வலி. ஆனா வராம இருக்க மாட்டாங்க.

மேல ஏறப் பாறையில படி வெட்டியிருக்கு. செங்குத்தான எடத்துல கைப்பிடிக் கம்பி இருக்கு. மூச்சு வாங்குற அளவுக்கு ஒசரம் இல்ல. கொஞ்சம் ஏறுனதும் பேச்சிப்பள்ளம்னு ஒரு எடம் வரும். ஒரு சுனை. அதுக்கு மேல பாறையில வரிசையா தீர்த்தங்கரர் சிற்பம், மகாவீரர், பார்சுவநாதர், பாகுபலி எல்லாரும். கீழ வட்டெழுத்துல யாரு செஞ்சு குடுத்தாங்கன்னு எழுதியிருக்கு. ஆயிரத்து நூறு வருசம் இருக்கும்.

அதுல ஒண்ணு எனக்கு உசுரு. அச்சணந்தின்னு ஒரு துறவி. அவரோட அம்மா குணமதி. அந்த அம்மா பேருல ஒரு சிற்பம் இருக்கு, அவங்க செய்விச்சதுன்னு. மகன் துறவியாப் போயிட்டான், அம்மா ஒரு திருமேனி செஞ்சு வச்சிட்டுப் போயிருக்காங்க. மொத தடவ அந்த எழுத்துக்குக் கீழ நின்னப்போ எனக்கு வேற எதுவும் பேசத் தோணல. ராசா பேரு கல்லுல இருக்குறது பெருசில்ல. ஒரு அம்மாவோட பேரு இருக்குறது பெருசு.

இன்னும் மேல போனா ஒரு பழைய சமணப் பள்ளியோட அடித்தளம் இருக்கு. மாதேவிப் பெரும்பள்ளி, ஒன்பதாம் நூத்தாண்டுப் பாண்டியன் பராந்தக வீரநாராயணன் காலத்துது. உச்சிக்குப் பக்கத்துல விளக்குத்தூண். அங்க கன்னடத்துல ஒரு கல்வெட்டு இருக்கு, மதுரையில! எங்க இருந்தோ நடந்து வந்திருக்காங்க பாருங்க. நமக்கு நாகமலை புதுக்கோட்டையில இருந்து நடக்க யோசனை.

மேல நின்னா காத்து அள்ளும். தெளிவான நாள்ல கோயில் கோபுரம் தெரியும், திருப்பரங்குன்றம் தெரியும், தூரத்துல யானைமலை படுத்திருக்கும்.

இறங்குனதும் ஓடிராதீங்க. இதே மலையோட இன்னொரு பக்கம் செட்டிப்புடவு இருக்கு. புடவுன்னா குகை. வெளிய பெருசா உக்காந்த தீர்த்தங்கரர். உள்ள குனிஞ்சு நுழைஞ்சு மேல பாருங்க. சிங்கத்து மேல உக்காந்து யானைய எதுத்துச் சண்டை போடுற ஒரு பெண் தெய்வம். என் மக அதப் பாத்துட்டு, “இவங்க பேரு என்னம்மா?”ன்னு கேட்டா. யக்சின்னு சொன்னேன். வீட்டுக்கு வந்து ஒரு வாரம் அதைத்தான் வரைஞ்சுக்கிட்டிருந்தா.

இப்ப பஸ் விசயத்துக்கு வருவோம். இதச் சொல்லத்தான் இந்தப் பதிவே.

2021 மே மாசத்துல இருந்து சாதாரண டவுன் பஸ்ஸுல பொம்பளைங்களுக்கு டிக்கெட் கிடையாது. முன்னாடி பிங்க் கலர் அடிச்ச வண்டி பாருங்க, அதுதான். கண்டக்டர் ஒரு சீட்டக் கிழிச்சுக் குடுப்பாரு, காசு வாங்க மாட்டாரு. வேலைக்குப் போறவங்களுக்கும் படிக்கிற புள்ளைங்களுக்கும் அது எவ்வளவு பெரிய ஒத்தாசைன்னு எல்லாரும் பேசுறோம். நான் கூட ஒண்ணு சொல்லுவேன். எந்த வேலையும் இல்லாம, சும்மா ஒரு மலையப் பாத்துட்டு வர ஒரு பொம்பளை வீட்ட விட்டுக் கிளம்பலாம், அதுக்கு யாருகிட்டயும் காசு கேக்க வேண்டாம். எங்க அம்மா காலத்துல இது நடந்திருக்குமா? மலையடியில பொறந்த எங்க அம்மாயி அந்த மலை மேல கால் வைக்காமலே போயிட்டாங்க.

இதெல்லாம் போய்ப் போய்ப் பழகிக்கிட்டது:

கிராமத்து வண்டிக்கு நெட்ல பாத்த நேரத்த நம்பாதீங்க. முந்தின நாளே பஸ் ஸ்டாண்டுல டைம் கீப்பர்கிட்ட கேட்டு வச்சுக்கோங்க. போகும்போது கண்டக்டர்கிட்ட கேக்க வேண்டியது ஒரே கேள்வி, “அண்ணே, திரும்புற வண்டி எப்ப?” ஏறுற வண்டியப் பத்தி எல்லாரும் கேப்போம், திரும்புற வண்டியத்தான் விட்டுருவோம். கிராமத்துப் பக்கம் ஒரு ட்ரிப்ப விட்டா அடுத்தது ரெண்டு மணி நேரம் ஆகலாம். சில நாள் ட்ரிப்பே கட் ஆயிரும்.

அதே கண்டக்டருங்க சொக்கத் தங்கம். “மலைக்கா தாயி? ஸ்டாப்புல இறங்காத, கொஞ்சம் தள்ளி நிறுத்துறேன், பாதை கிட்ட”ன்னு சொன்னவரு உண்டு. ட்ரைவர்கிட்ட சொல்லி விட்டு, “பன்னெண்டேகாலுக்கு இதே எடத்துல நில்லு”ன்னு சொல்லிட்டுப் போயி, பன்னெண்டேகாலுக்கு ஆரன் அடிச்சுக்கிட்டே வந்தாங்க.

மொத வண்டியில போயிடுங்க. ஐப்பசியில இருந்து மாசி வரைக்கும் நல்லா இருக்கும். பங்குனி பொறந்துட்டா எட்டு மணிக்கே பாறை சூடேறிரும், சித்திரையில கால் வைக்க முடியாது. மழை பேஞ்ச மறுநாளும் வேண்டாம், பாசி வழுக்கும்.

அடுத்து யானைமலை. இது இன்னும் லேசு, ஒத்தக்கடைக்கு பஸ் இல்லாத நேரமே கிடையாது. மாட்டுத்தாவணியத் தாண்டி மேலூர் ரோட்டுல ஒத்தக்கடை, அங்க இறங்கி உள்ள நடந்தா நரசிங்கம் கோயில். பாறையில குடைஞ்ச கோயில். 770ல பாண்டிய மன்னனோட மந்திரி மாறன்காரி ஆரம்பிச்சாரு, குடமுழுக்குக்கு முன்னாடியே செத்துப் போனாரு, தம்பி மாறன் எயினன் முடிச்சு வச்சாரு. எல்லாம் அங்க கல்வெட்டுலயே இருக்கு. கொஞ்சம் தள்ளி லாடன் கோயில்னு ஒரு முருகன் குடைவரை, ரொம்ப அமைதியான எடம்.

யானைமலை உச்சிக்கு ஏறாதீங்க. வழுக்குப் பாறை. தேவையும் இல்ல. படி இருக்குற வரைக்கும் ஏறி சமணச் சிற்பங்களப் பாருங்க, சிலதுல சாந்து பூசி வண்ணம் அடிச்சது இன்னும் ஒட்டிக்கிட்டிருக்கு. அங்கயும் அச்சணந்தி பேரு இருக்கு! குணமதியம்மா மகன் இங்கயும் வந்திருக்காரு. அப்புறம் இறங்கி, மலையோட அடிவாரத்துலயே கொடிக்குளம் பக்கமா நடங்க. அங்க வேதநாராயணப் பெருமாள் கோயில். திருவரங்கத்துல படையெடுப்பு நடந்தப்போ பிள்ளை லோகாச்சாரியார் உற்சவரத் தூக்கிக்கிட்டு வந்து ஒளிச்சு வச்சது இங்கதான்னு சொல்லுவாங்க. பெருமாளையே காப்பாத்துன மலை.

அந்த மலையவே வெட்டிச் சிற்ப நகரம் ஆக்கப் போறதா 2010 வாக்குல ஒரு பேச்சு வந்துச்சு. ஊரே எதுத்து நின்னுச்சு, அந்தத் திட்டம் நின்னு போச்சு. எழுத்தாளர் அ. முத்துக்கிருஷ்ணன் ‘பசுமை நடை’ங்கிற குழுவ ஆரம்பிச்சதும் அந்தச் சமயத்துலதான். கூட்டமாப் போகப் பிரியப்படுறவங்க அவங்க நடைக்குப் போகலாம். இந்த மலைங்களப் பத்தி எனக்குத் தெரிஞ்சதுல பாதி அந்த மாதிரி நடைகள்ல, பாறையில உக்காந்து பெரியவங்க சொல்லக் கேட்டது.

இப்ப அரிட்டாபட்டி. இதப் பத்தி எழுத ஆரம்பிச்சா நிறுத்த மாட்டேன், பொறுத்துக்கோங்க.

மேலூர் ரோட்டுல இருந்து உள்ள தள்ளி இருக்குற ஊரு. ஊருக்கு வர்ற வண்டி கம்மி, அதனால நேரம் கேட்டு வச்சுக்கிட்டுப் போங்க. இல்லாட்டி மெயின் ரோட்டுல இறங்கி ஷேர் ஆட்டோ. ஏழு மலை, நெறைய கண்மாய், சுனை. 2022 நவம்பர்ல தமிழ்நாட்டோட மொத பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமா அறிவிச்சாங்க, 193 ஹெக்டேர். லகர் வல்லூறு, ஷாகின் வல்லூறு, ராசாளிக் கழுகெல்லாம் அங்க இருக்கு. பறவை பேரு தெரியாட்டியும் பரவாயில்ல, கண்மாய்க்கரையில உக்காந்து அண்ணாந்து பாத்தாப் போதும்.

இந்த நடை பெரும்பாலும் சமதரை. கண்மாய்க்கரை, வயக்காடு, பாறை, திரும்ப கண்மாய். பெரியவங்களையும் சின்னப் புள்ளைங்களையும் தைரியமாக் கூட்டிட்டுப் போகலாம். ஒருபக்கம் சிவனுக்குக் குடைவரை, அங்க லகுலீசர் சிற்பம், தமிழ்நாட்டுல அபூர்வம். இன்னொரு பக்கம் சமணர் படுக்கை, தமிழ்ப் பிராமி எழுத்து. குகைக்கு மேல பாத்தா பாறையில நீளமா ஒரு காடி வெட்டியிருக்கும். மழைத் தண்ணி உள்ள வழியாம அப்படியே வெளிய சொட்டிப் போறதுக்கு. அந்தக் காலத்துல யோசிச்சுச் செஞ்சிருக்காங்க, இன்னைக்கும் வேலை செய்யுது. மழை நாள்ல நான் அதுக்கடியில நின்னு நனையாம இருந்திருக்கேன்.

அங்க ஒரு தீர்த்தங்கரர் சிற்பம். செஞ்சு வச்சது யாரு? அதே அச்சணந்தி. கீழ வட்டெழுத்துல, இதப் பாதுகாக்குறது பாதிரிக்குடிக்காரங்க பொறுப்புன்னு எழுதியிருக்கு.

அத மனசுல வச்சுக்கிட்டு இதக் கேளுங்க. 2024 நவம்பர்ல இந்தப் பக்கம் டங்ஸ்டன் வெட்ட ஒரு கம்பெனிக்கு ஏலம் முடிஞ்சிருச்சுன்னு சேதி வந்துச்சு. மேலூர்ப் பக்கத்துக் கிராமம் பூரா கெளம்புச்சு. 2025 ஜனவரி 7ஆம் தேதி ஆயிரக்கணக்கான சனம் நடந்தும் வண்டி கட்டியும் மதுரைக்கு வந்தாங்க. வயசான அம்மாக்களெல்லாம் வெயில்ல நடந்தாங்க. அதே மாசம் 23ஆம் தேதி ஏலத்த ரத்து பண்ணிட்டோம்னு மத்திய அரசு சொல்லிருச்சு. அன்னைக்கு நான் அழுதேன். ஆயிரம் வருசத்துக்கு முன்னாடி அந்த மலைய அந்த ஊர்க்காரங்க கையில குடுத்துட்டுப் போனாரு ஒருத்தரு. அவங்க விடல.

எல்லா மலைக்கும் அப்படி வாய்க்கல. கீழவளவுக்கு திருப்பத்தூர் பஸ்ஸுல போனீங்கன்னா, கல்வெட்டு இருக்குற குன்று மட்டும் நிக்கும். அக்கம்பக்கத்துல கிரானைட்டுக்கு வெட்டுன பள்ளம், பச்சைத் தண்ணி தேங்கி. போய்ப் பாருங்க. கண்ணால பாக்கணும் அத.

அழகர்மலைக்கு வர்றேன். இது நடையும் பஸ்ஸும் கலந்தது, அதனாலயே எனக்குப் பிடிக்கும். அழகர்கோயில்ல இறங்கிப் பழமுதிர்சோலை வழியா ராக்காயி அம்மன் கோயில் நூபுரகங்கை வரைக்கும் காட்டு ரோட்டுல நடந்து ஏறுங்க, நல்ல நிழலு. ஏறி, தண்ணியத் தலையில தெளிச்சுக்கிட்டு, முட்டி வலிச்சா கோயில் பஸ்ஸுல இறங்கிரலாம். எங்க மதினி மட்டும் தலைகீழா, பஸ்ஸுல ஏறி நடந்து இறங்குவாங்க. கொரங்கு இருக்கு, தின்பண்டத்தக் கையில வச்சுக்காதீங்க. கீழ வந்து அழகர்கோயில் தோசை, மிளகு போட்டு நெய்யில ஊறுனது. அது சாப்பிடாம ஊருக்கு வந்தா நடந்தது கணக்குல சேராது.

அழகர்மலையோட இன்னொரு பக்கம் கிடாரிப்பட்டி. அங்க படுக்கைங்களுக்குப் பக்கத்துல தமிழ்ப் பிராமியில உப்பு வணிகன், கொழு வணிகன், அறுவை வணிகன், பொன்கொல்லன்னு பேரு பேரா இருக்கு. உப்பு வித்தவரு, ஏருக்குக் கொழு வித்தவரு, துணி வித்தவரு. சந்தைக்குப் போற வழியில காசு போட்டுச் செஞ்சு குடுத்தவங்க. கிடாரிப்பட்டி போற பஸ்ஸுல ஏறிப் பாருங்க, இன்னைக்கும் மேலூர் சந்தைக்குப் போயிட்டுத் திரும்புற ஆளுங்கதான் மூட்டையோட உக்காந்திருப்பாங்க.

கோவம் வர்ற விசயம் ஒண்ணும் இருக்கு, சொல்லிடுறேன். பாட்டில் ஓடு. பாறை இடுக்கெல்லாம் குடிச்சிட்டு ஒடச்சுப் போட்ட பாட்டில். ரெண்டாயிரம் வருசப் படுக்கை மேல பெயிண்ட்ல காதலி பேரு. அதுல இருந்த பிராமி எழுத்த இன்னொருத்தன் ஆணியால கீறியிருக்கான். வயிறு எரியுது. போறவங்க ஒரு சாக்கு கொண்டு போங்க, கையில அடங்குறத எடுத்துட்டு வாங்க. செருப்பு வேண்டாம், பழைய ஷூ போதும், ஓடு குத்தும்.

பொம்பளைங்க, மொத தடவ தனியாப் போகாதீங்க. ரெண்டு மூணு பேராப் போங்க, இருட்டுக்கு முன்னாடி ரோட்டுக்கு வந்துடுங்க. அடிவாரத்துல டீக்கடை அக்காகிட்டயோ ஆடு மேய்க்கிற அய்யாகிட்டயோ மேல போறோம்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க. அவங்க கண்ணு நம்ம மேலயே இருக்கும். இறங்கி வந்து ஒரு டீயக் குடிச்சிட்டு, “வந்துட்டோம்கா”ன்னு சொல்லிட்டு பஸ் ஏறுங்க.

அடுத்து மாங்குளம் மீனாட்சிபுரம் போறதா இருக்கோம். பாண்டியன் நெடுஞ்செழியன் பேரு கல்லுல இருக்குற எடம், 1882ல ராபர்ட் சீவெல் கண்டுபிடிச்சது. ஏத்தம் கொஞ்சம் கூடன்னு சொல்றாங்க, மதினி இப்பவே கீழ நிக்க மரம் இருக்கான்னு விசாரிக்கிறாங்க.

மத்த ஊர்க்காரங்க, உங்க பக்கத்து மலைக்கு எந்த பஸ் போகுதுன்னு எழுதுங்க. சித்தன்னவாசலுக்கு அன்னவாசல் வண்டியில போனவங்க, சிதறாலுக்கு மார்த்தாண்டத்துல இருந்து போனவங்க கண்டிப்பா எழுதணும். எங்க இறங்கணும், அங்க இருந்து எவ்வளவு நடை, திரும்புற கடைசி வண்டி எப்ப. இந்த மூணும் இருந்தா நாங்க வந்துருவோம்.